பாட்டி நகையும் தஞ்சாவூர்ப் படமும் ஏலத்துக்கு வரும்போது: காவிரிக் கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் "நகை ஏலம்" என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வங்கி வாசலில் ஒட்டிய நோட்டீஸ்தான். நாற்றங்கால் செலவுக்கு வைத்த நகை, அறுப்பு முடிந்தும் மீட்க முடியாமல் போய், கடன் கணக்கு எண்ணோடு பேப்பரில் வந்து நிற்கும். அந்த ஏலத்தில் பார்ப்பது மொத்த எடை, கல் கழிவு, நிகர எடை, அவ்வளவுதான். அட்டிகையில் இருப்பது பர்மா கெம்பா, எந்தக் காலத்து வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஏலம் எடுப்பவர் பெரும்பாலும் உருக்கப் போகிறவர்.

இன்னொரு ஏலமும் நடக்கிறது. மும்பையில், லண்டனில், நியூயார்க்கில். அங்கே அதே அட்டிகைக்குக் கேட்லாக்கில் தனிப் பக்கம், முன்புறமும் பின்புறமும் படம், கல் பரிசோதனைச் சான்று, இதுவரை யார் யாரிடம் இருந்தது என்ற பட்டியல். தஞ்சாவூர்ப் படங்களும் கும்பகோணத்து வைரத்தோடுகளும் நம் ஊரை விட்டுப் போய் அங்கேதான் விலை பெறுகின்றன. விற்பவராக இருந்தாலும் வாங்குபவராக இருந்தாலும், அந்த ஏலத்தில் நாம் ஏமாறாமல் நிற்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பொருள் எடைக்கா, வேலைப்பாட்டுக்கா என்று பிரியுங்கள்

1980களின் கடைசியில் எங்கள் பாட்டியின் ஜடைநாகத்தை அக்கா கல்யாணத்துக்காக விற்றோம். அப்பாவோடு நானும் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குறடை எடுத்து ஒவ்வொரு வில்லையாகப் பிரித்தார். கெம்பு ஒரு கிண்ணத்தில் விழுந்தது. உள்ளே இருந்த அரக்கு செம்மண் கட்டி போல மேஜையில் உதிர்ந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு, மிஞ்சிய தங்கத் தகட்டைத் தராசில் போட்டார். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறையும் சூரியனும் நாகப்படமும் தாழம்பூ வில்லைகளுமாகப் பின்னல் முழுக்க நீண்ட அந்த நகையின் ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை.

எல்லாப் பழைய நகைக்கும் இந்த வருத்தம் பொருந்தாது. 1970களில் செய்த சாதாரணச் சங்கிலி, வளையல், மோதிரம் எடைக்குத்தான் போகும். அதில் தவறும் இல்லை. நிறுத்தி யோசிக்க வேண்டியவை வேறு: ராக்கொடி, ஜடைநாகம் போன்ற தலைசாமான் முழுச் செட்டாக இருந்தால், பழைய அட்டிகை, வங்கி என்கிற தோள்வளை, ஒட்டியாணம், மாங்காய் மாலை, காசுமாலை, பட்டை தீட்டாத வைரம் வைத்தவை, 'ப்ளூ ஜாகர்' (லேசான நீல ஒளியுள்ள வைரம்) என்று வீட்டில் சொல்லிவரும் ஏழுகல் தோடு, பேசரி என்கிற மூக்குத்தி, வளைகுடாக் கடலில் எடுத்த பஸ்ரா முத்துச் சரம். இவற்றில் தங்கத்தின் மதிப்பு ஒரு பங்குதான். செட்டில் ஒன்று குறைந்தாலும் விலை வெகுவாக இறங்கும் என்பதால், பாகம் பிரிக்கும்போது ஆளுக்கொரு வில்லை என்று பிய்க்காதீர்கள்.

இரண்டாம் படி: எழுத்தைத் தேடுங்கள்

ஏல உலகில் ஒரு பொருளின் விலையை ஏற்றுவதும் வீழ்த்துவதும் அது கைமாறிவந்த வரலாறுதான். இதை நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்த நகை, அவன் அக்கா குந்தவை கொடுத்த நகை என்று யார் கொடுத்தது, எத்தனை கல், எத்தனை முத்து, எடை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எல்லாம் வெட்டியிருக்கிறது. எடை போட்ட எடைக்கல்லுக்குக்கூட 'ஆடவல்லான்', 'தட்சிணமேருவிடங்கன்' என்று பெயர் உண்டு. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து, குளிர்ந்த நீருடையது, சிவந்த நீருடையது என்று ஒளியையும் குறித்திருக்கிறார்கள். குறையுள்ள முத்தைக் குறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய அந்த வரிகளை இன்றைய ஏலக்கூடத்தின் நிலை அறிக்கையோடு (பொருளின் குறை நிறைகளை எழுதித் தரும் காகிதம்) பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

எழுத்து விலையாக மாறுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1773இல் தஞ்சாவூரைப் பிடித்து, 1776இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர். அதற்கு அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்தின் சார்லட் அரசிக்கு வைரங்களைப் பரிசளித்தார். அவற்றில் ஒன்றுதான் 'ஆற்காடு 2'. இன்று அது 17.21 காரட். 2019இல் கிறிஸ்டீஸ் ஏலக்கூடம் அதை நியூயார்க்கில் ஏலம் விட்டபோது சுமார் 34 லட்சம் டாலருக்குப் போனது. அரசியிடமிருந்து ஒவ்வொரு கையாக அது எப்படி நகர்ந்தது என்பது ஆவணத்தில் இருந்தது. அது இல்லாவிட்டால் அதுவும் ஒரு நல்ல கல், அவ்வளவே.

நம் வீடுகளில் இந்த எழுத்து எங்கே இருக்கும்? பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நகை ஜாபிதா இருக்கும். உயிலில் இருக்கும். கல்யாணச் சீர் எழுதிய நோட்டில் இருக்கும். பாட்டி அந்த அட்டிகையோடு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் இருந்தால் அது பொன். பலர் குப்பையில் போடும் இன்னொன்றும் உண்டு: பழைய அடகுச் சீட்டு. தேதி, பெயர், நகையின் பெயர், எடை, சில சமயம் கல் எண்ணிக்கை வரை அதில் இருக்கும். 1940இல் ஓர் அடகுக் கடை எழுதிய சீட்டு, அந்த நகை அன்றைக்கே உங்கள் வீட்டில் இருந்ததற்குச் சாட்சி. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய காகிதம் அல்ல அது.

மூன்றாம் படி: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் வந்து, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள். சுவடிக்கு 75 ஆண்டு. கல், உலோகம், தந்தம், சுடுமண் சிற்பங்களையும் மரம், துணி, காகிதம் முதலியவற்றின் மேல் தீட்டிய ஓவியங்களையும் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு பூஜையறை ராமர் பட்டாபிஷேகப் படம் தஞ்சை மன்னர் சரபோஜி காலத்தது என்றால் அதுவும் இதில் வரும். வைத்திருக்கலாம், நாட்டுக்குள் விற்கலாம். பதிவான பொருள் கைமாறினால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் ஏற்றுமதிதான். நூறாண்டு தாண்டிய நகைக்கும் இது பொருந்தும்.

புதிதாகச் செய்த சுவாமிமலைப் படிமத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பச்சைக் களிம்பு ஏற்றிய புதுப் படிமம் சோழர் காலத்துப் பெயரில் விற்கப்படுவதும் உண்டு. பழையது என்றால் களவு, புதியது என்றால் மோசடி. இரண்டிலும் வாங்கியவருக்குத்தான் கஷ்டம்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ கிடைப்பது உடனே உங்கள் சொத்து ஆகிவிடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கேட்லாக்கைப் பின்னாலிருந்து படியுங்கள்

முதலில் படத்தையும் மதிப்பீட்டு விலையையும் பார்க்க மனம் ஓடும். ஓட விடாதீர்கள். கைமாறிய வரலாறு என்ற பத்திக்குப் போங்கள். "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்று ஒரே வரியில் முடிந்தால் கேள்வி கேளுங்கள்: இந்தியாவை விட்டு எந்த ஆண்டு போனது? காகிதம் உண்டா?

இந்தக் கேள்வியை நம் ஊர் மக்கள் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றார்கள். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜரை, பொய்யான வரலாற்றை நம்பி 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. லண்டனில் வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூடச் சாட்சியாக வந்தன. 1988இல் தீர்ப்பு, மேல்முறையீடு முடிந்து 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கூட வந்த காகிதங்கள் போலி. 2014இல் திருப்பித் தந்தார்கள். ஆனந்தமங்கலத்து ராமர், லட்சுமணர், சீதை 1978இல் களவு போய் 2020இல் லண்டனிலிருந்து வந்தார்கள். அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் எடுத்து வைத்த புகைப்படம்.

ஆகவே என் முடிவு இது: சாமி விக்கிரகம், கோயில் நகை, திருவாபரணம் என்று சந்தேகப்படும் எதற்கும் கை தூக்காதீர்கள், எவ்வளவு சுத்தமான காகிதம் காட்டினாலும். கேட்லாக்கில் நம் ஊர்ச் சிலை போல ஒன்றைக் கண்டால் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். புனிதப் பொருள் ஏலத்துக்கு வந்தால் நிறுத்தவும் முடியும். உத்தரப் பிரதேசத்துப் பிப்ராவாவில் 1898இல் புத்தரின் எலும்பு எச்சங்களோடு கிடைத்த மணிகளை 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் ஏலக்கூடம் ஏலம் விட இருந்தது. இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியதும் ஏலம் நின்றது. ஜூலையில் மணிகள் இந்தியா வந்தன.

அடுத்து, கேட்லாக்கின் சொற்கள். "தஞ்சாவூர், 19ஆம் நூற்றாண்டு" என்பது ஒரு பொறுப்பான கூற்று. "தஞ்சாவூர்ப் பாணி" என்றால் போன மாதம் செய்ததாகவும் இருக்கலாம். "இன்னாருடையதாகக் கருதப்படுகிறது" என்றால் கையெழுத்து இல்லை, ஏலக்கூடம் உறுதி தரவில்லை. கடைசிப் பக்கத்து நிபந்தனைகளில், பொருள் போலி என்று தெரிந்தால் எத்தனை ஆண்டுக்குள் பணம் திரும்பும் என்று எழுதியிருக்கும். அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: பொருளை நேரில் பாருங்கள், பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

கண்ணைப் பழக்க நமக்கு வெகுதூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பக்கத்தில் சரஸ்வதி மகாலில் பழைய தஞ்சாவூர்ப் படங்கள் இருக்கின்றன. நல்லதை நிறையப் பார்த்த கண்ணுக்கு மட்டமானது தானே உறுத்தும்.

தஞ்சாவூர்ப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பலகை. பழைய படம் பலா மரப் பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பூச்சுப் பூசித் தீட்டியது. பின்னால் குறுக்குச் சட்டம், கையால் அடித்த ஆணி, மரம் சுருங்கி விட்ட நீளவாட்டு விரிசல் தெரியும். பிளைவுட் தெரிந்தால் அது நம் காலத்துப் படம். புதுப் படம் மட்டமானது என்று சொல்லவில்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இன்றைக்கும் அருமையான கைகள் இருக்கின்றன. விலைதான் வேறு.

பிறகு படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். மக்கு வேலையின் (சுண்ணமும் பசையும் கலந்து மேடாகக் கட்டுவது) மேடு பள்ளங்கள் நிழலாக எழும்பும். நான் வாங்கிய சின்ன நவநீதகிருஷ்ணனை அப்படித்தான் பார்த்தேன். தூணின் மேல் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) மேட்டின் உச்சியில் தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளை மக்கு ஊசி முனையளவு எட்டிப் பார்த்தது. விளக்குச் சூட்டில் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. கிருஷ்ணன் முகத்தில் மட்டும் மெருகு புதிதாக இருந்ததால், பிற்காலத்தில் யாரோ தொட்டுத் தீட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. விலையைக் குறைத்துக் கேட்டேன், கிடைத்தது. அசல் தங்க ரேக்கு கறுக்காது. ஓரங்களில் பச்சையோ கறுப்போ ஏறியிருந்தால் அது வேறு உலோகம்.

நகையில் பின்புறம்தான் பேசும். நல்ல ஆசாரி பின்பக்கத்திலும் கொடி, பூ, கிளி செதுக்கியிருப்பார். பழைய நகையில் ஹால்மார்க் இருக்காது, அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கல்லை மூடிக் கட்டிய நகை என்றால் அடியில் ஒளிக்காக வைத்த மெல்லிய தகடு இருக்கும். தண்ணீர் புகுந்தால் அது கறுத்துக் கல் செத்துவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு பிரஷ்ஷால் தேய்க்கும் பழக்கத்தை இந்த நகைகளோடு நிறுத்துங்கள். விற்பதற்கு முன் மெருகு போடவும் வேண்டாம்.

கெம்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் மனம் உடைவது இங்கேதான். "பாட்டி காலத்து நகை, அதனால் அசல் பர்மா" என்று முடிவு கட்டாதீர்கள். ஆலையில் உருக்கிச் செய்யும் செயற்கைக் கெம்பு 1900களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஏமாந்து வாங்கியவர் உங்கள் கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கலாம். லென்ஸில் வளைவான கோடுகள் தெரிந்தால் அது அந்தக் கல். அசலாக இருந்தால், நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றாத கல்தானா என்பதைப் பரிசோதனைக் கூடம் சொல்லும். சூடேற்றாத பர்மா கெம்புக்கு விலை பல மடங்கு. முத்து இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். ஆசாரியின் கண்ணுக்கு மரியாதை உண்டு, ஆனால் ஏலத்தில் சான்றிதழ்தான் செல்லும்.

மும்பைக்குப் போய்ப் பார்க்க வசதியில்லை என்றால், நிலை அறிக்கையையும் பின்புறம், ஓரம், கொக்கி, திருகு இவற்றின் நெருக்கப் படங்களையும் ஏலக்கூடத்திடம் கேளுங்கள். இலவசமாகவே அனுப்புவார்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தைக் கணக்குப் போடுங்கள்

சுத்தியல் விழும் விலை கடைசி விலை அல்ல. அதற்கு மேல் வாங்குபவர் ஏலக்கூடத்துக்குத் தரும் கமிஷன், வரி. ஒரு தஞ்சாவூர்ப் படம் 4,00,000 ரூபாய்க்குச் சுத்தியல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20 சதவீதம் என்றால் 80,000. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 14,400. படத்துக்கு 5 சதவீதம் போட்டால் 20,000. ஆக 5,14,400. பெட்டி கட்டி, காப்பீடு செய்து, மும்பையிலிருந்து கும்பகோணம் வர வேறு செலவு. கமிஷன் விகிதம் கூடத்துக்குக் கூடம் மாறும். வெளிநாட்டு ஏலம் என்றால் சுங்கமும் சேரும், முன்கூட்டியே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் சட்டப்படி கூடாது.

செய்தியில் வரும் விலைகளைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 2025 செப்டம்பரில் நவீன ஓவியர் கெய்தோண்டேயின் ஓவியம் ஒன்று சாஃப்ரன்ஆர்ட் ஏலக்கூடத்தில் 67.08 கோடி ரூபாய்க்குப் போனது உண்மை. அந்த உலகம் வேறு. பெயர் தெரியாத ஓவியர் தீட்டிய தஞ்சாவூர்ப் படங்கள் நடுத்தரக் குடும்பம் சேமித்து வாங்கக்கூடிய விலையில் இன்னும் வருகின்றன.

ஏழாம் படி: ஏல நாள்

முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்; பான் கார்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எதிரில் ஒருவர் ஏற்றிக்கொண்டே போகும்போது நம் புத்தி நம்மிடம் இருக்காது. உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே ஏலக்கூடத்திடம் எழுத்தில் சொல்லிவிடும் வழியும் உண்டு. முதல் தடவைக்கு அதுவே நிம்மதி.

விற்பவராக இருந்தால்

இரண்டு மூன்று ஏலக்கூடங்களுக்குப் பொருளின் புகைப்படங்களை அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது, அவர்கள் கமிஷன் எவ்வளவு, பொருள் அவர்களிடம் இருக்கும் வரை காப்பீடு யார் பொறுப்பு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. அதிக மதிப்பீடு சொல்பவரைத் தேடி ஓடாதீர்கள். விலை போகாமல் திரும்பிய பொருளை அடுத்த ஏலத்தில் எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

நகை, ஓவியம் இரண்டும் மூலதனச் சொத்து. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. பரம்பரையாக வந்தது என்றால் முன்னோர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன்பே குடும்பத்தில் இருந்தது என்றால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி வையுங்கள்.

அடகில் இருக்கும் பழைய நகை ஏலத்துக்குப் போகும் நிலை வந்தால், எடைக்குப் போக விடுவதற்கு முன் உறவில் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது மீட்டு, தனியாக விற்கப் பாருங்கள். முடியாமல் ஏலம் போய்விட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சிய தொகை உங்களுடையது. கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வந்த பிறகு

நம் மண் ஈரமானது. ஐப்பசி மழையில் சுவர் வியர்க்கும். தஞ்சாவூர்ப் படத்தை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரில், பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வைத்து, காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை இறக்கிக் கரையான் பாருங்கள். பில், நிலை அறிக்கை, கேட்லாக் பக்கம், பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுங்கள்.

என் நவநீதகிருஷ்ணனோடு ஒரு காகித உறை இருக்கிறது. எந்த ஏலம், எந்தத் தேதி, என்ன விலை, முகத்தில் மறுபூச்சு இருக்கிறது, வலது ஓரத்தில் பலகை விரிசல் ஒரு சாண் நீளம் என்று பென்சிலால் எழுதி, என் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பெயருக்கு அதில் இடம் விட்டிருக்கிறேன்.